பணியிட உளநலம்: தலைமையின் கடமை, கருணை அல்ல

ஒக்லாந்தின் ஹில்ஸ்பரோவிலிருந்தும் அயலிலுள்ள மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்தும் நாள்தோறும் வேலைக்குப் புறப்படும் தமிழர்களுள் கணினிப் பொறியியலாளர், தாதியர், முதியோர் இல்லப் பணியாளர், கடை ஊழியர் எனப் பலரும் உள்ளனர். இவர்களுள் ஒருவருக்குக் கால் முறிந்தால் மேலாளர் விடுப்பு அளிப்பார். உறவினர் நலம் விசாரிக்க வருவர். அதே மனிதர் உறக்கம் இழந்து, உணவு வெறுத்து, மனம் தளர்ந்து போனால் அது மூடி மறைக்க வேண்டிய குடும்ப இரகசியமாகிவிடுகிறது. "விசர்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

நியூசிலாந்துச் சட்டமோ உடலையும் உள்ளத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அதிக வேலைப்பளுவால் நலம் குன்றிய நன்னடத்தை அதிகாரி ஒருவரின் வழக்கில், ஊழியரை உளத் தீங்கிலிருந்து காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பதும் முதலாளியின் கடமையே என 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம், பணி அழுத்தத்தால் விளையும் பாதிப்பையும் தீங்கு என்று வெளிப்படையாக வரையறுத்தது. 2016 ஏப்ரல் 4 முதல் நடைமுறையிலுள்ள பணியிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரம் என்பது உடல்நலமும் உளநலமும் என்றே பொருள் கூறுகிறது. அக்கடமையை நிறுவனம் நிறைவேற்றுகின்றதா என்று கவனிக்கும் பொறுப்பு பணிப்பாளர்களுக்கும் உண்டு.

ஆயினும் பல நிறுவனங்கள் ஆண்டுக்கொரு யோகா வகுப்புடனும் சுவரொட்டியுடனும் தம் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. நோய்க்குக் காரணம் வேலையின் அமைப்பாக இருக்கும்போது, மூச்சுப் பயிற்சி மட்டும் அதற்கு மருந்தாகாது. நான்கு பேர் செய்த வேலையை இருவரிடம் ஒப்படைத்துவிட்டு மனவுறுதி பற்றி உரையாற்றுவதில் பயனில்லை. குளிர்காலத்தில் சென்னையைவிட ஒக்லாந்து ஆறரை மணி நேரம் முந்தியிருக்கிறது. சென்னையில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், இங்குள்ள ஊழியர் இரவு எட்டரை மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணினி முன் அமர வேண்டும். அந்நேரத்தை மாற்றும் அதிகாரம் ஊழியரிடம் இல்லை, தலைமையிடமே உள்ளது.

மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 ஜூலையில் அறிமுகமான அங்கீகரிக்கப்பட்ட முதலாளி விசாவில் வருபவரின் வதிவுரிமை, குறிப்பிட்ட ஒரு முதலாளியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. வேலை போனால் விசாவும் போய்விடுமோ என்று அஞ்சுபவர், தமக்கு இயலவில்லை என்று தாமாக முன்வந்து சொல்வார் என எதிர்பார்ப்பது பேதைமை. ஆகவே கேட்க வேண்டியவர் மேலாளரே. தனிமையில் கேட்க வேண்டும்; கேட்டதை இரகசியமாகக் காக்க வேண்டும்; சொன்னவரின் பதவி உயர்வுக்கு அது தடையாகாது என்பதைச் செயலில் காட்ட வேண்டும்.

ஈழத்தமிழ் ஊழியர் பலர் 1983 ஜூலையையும் 2009 மே மாதத்தையும் நெஞ்சில் சுமந்தபடி பணியாற்றுகின்றனர். அந்நாட்கள் நெருங்குகையில் ஒருவர் ஒதுங்கிப் போவாரானால் அதனைச் சோம்பல் என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது அநீதி. மேலாளர் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. மாற்றத்தைக் கவனித்து, வேலையைத் தற்காலிகமாகக் குறைத்து, குடும்ப மருத்துவரிடமோ இரவு பகலாக இயங்கும் 1737 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையிடமோ செல்ல வழிகாட்டினால் போதும். மேலாளருக்கு இத்தகைய பயிற்சி அளிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022இல் பரிந்துரைத்துள்ளது.

இவை பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியன அல்ல. தம்மவரையே வேலைக்கு அமர்த்தியுள்ள தமிழ் உணவக உரிமையாளரும் கடை உரிமையாளரும் இதே சட்டத்துக்கு உட்பட்டவர்களே. "நம்மட பொடியன்தானே" என்ற உரிமையில் ஓய்வு நாளையும் பறித்துக்கொள்வது உறவாகாது. வெள்ளையர் நிறுவனத்தில் நீதி கேட்கும் சமூகம், தன் கடைக்குள்ளும் அதே நீதியை நிலைநாட்டக் கடமைப்பட்டுள்ளது. அதனைச் செய்யும் தலைமையே மற்றவரிடம் உரிமை கோரும் தகுதியைப் பெறும்.