எழுதாக் கடனும் நனைந்த கைத்தொலைபேசியும்

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று எங்கள் உம்மம்மா அடிக்கடி சொல்வார். சிறுவயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சென்ற வருடம் என் சாச்சி உண்மையாகவே அழுததைக் கண்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

சாச்சி வீட்டிலிருந்தபடியே மிளகாய்த்தூள், கறித்தூள், மஞ்சள்தூள் அரைத்துப் பெக்கட் செய்து விற்பவர். ஓர்டர்கள் எல்லாம் வட்ஸ்அப்பில் வரும். யாருக்கு எத்தனை பெக்கட், யார் காசு தந்தார், யார் "அடுத்த மாதம் தாரேன்" என்றார் என்பதெல்லாம் அந்த உரையாடல்களுக்குள்ளேயே கிடந்தன. நோன்பு மாதம் வந்தது. ஓர்டர் குவிந்தது. ஒரு நாள் அவசரத்தில் கைத்தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. திருத்துபவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கையை விரித்தார். காப்புப் பிரதி எடுக்கும் வசதியைச் சாச்சி ஒருபோதும் இயக்கியிருக்கவில்லை. பதினெட்டாயிரம் ரூபாவுக்கு மேல் வரவேண்டிய கடன். மனச்சாட்சி உள்ளவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களின் கணக்கு சாச்சிக்கும் ஞாபகமில்லை, அவர்களுக்கும் ஞாபகமில்லை.

புதிய கைத்தொலைபேசி வாங்கியதும் சாச்சி என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "மகள், கணக்கு வைக்க எந்த அப் நல்லம்?"

உயர்தரத்தில் வணிகம் படிப்பவள் என்பதால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்கத்தான், கேள்வியே தலைகீழாக நிற்கிறது என்பது விளங்கியது. நம்மில் பெரும்பாலோர் முதலில் மென்பொருளைத் தேடுகிறோம். பிறகுதான் அதற்கு வேலை தேடுகிறோம். பெயர் பெற்றதென்றோ பக்கத்து வீட்டார் வைத்திருக்கிறார் என்றோ ஒன்றைப் பதிவிறக்குகிறோம். தையற்காரர் அளவெடுத்த பின்னரே துணியை வெட்டுவார். நாமோ துணியை வெட்டிவிட்டு அதற்குள் உடம்பை நுழைக்கப் பார்க்கிறோம்.

ஆகவே முதற் கேள்வி, "என் வேலை என்ன?" என்பதாக இருக்கட்டும். சாச்சியின் வேலையைத் தாளில் எழுதிப் பார்த்தோம். ஓர்டர் எடுத்தல், கடன் எழுதுதல், சாமான் வாங்கிய செலவு எழுதுதல், மாத முடிவில் இலாபம் பார்த்தல். நான்கே வேலைகள்தாம். இதற்கு மாதச் சந்தா கட்டும் பெரிய கணக்கியல் மென்பொருள் தேவையில்லை. வாடிக்கையாளர் ஐந்தாறு பேர் மட்டும் என்றால் ஒரு சீ.ஆர். கொப்பியே போதும் என்பேன். அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. முப்பது, நாற்பது பேர் ஆகும்போதுதான் கூட்டிக் கழிக்க ஒரு விரிதாள் உதவும். அது கூகுள் தாள்களாக இருக்கலாம். கணினி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸாக இருக்கலாம். ஓர்டர் எடுக்க 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி போதும். அதற்குக் கட்டணமில்லை. பொருட்பட்டியலைப் படத்துடன் போடலாம். காசு தந்தவர், தராதவர் என்று அடையாளச் சிட்டை ஒட்டலாம். ஆனால் ஓர்டர் வரும் இடம் வேறு, கணக்கு வாழும் இடம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனில் மிக நீளமான வசனம் அதுவே. எழுதுகோல் மாறலாம், எழுதும் கடமை மாறாது.

இரண்டாவது கேள்வி, "நான் எழுதியதை வெளியே எடுக்க முடியுமா?" என்பது. இதற்கான பாடம் நமது அலுவிகாரையிலேயே இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்வழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த மறைநூல்களைப் பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சிய பிக்குகள் இங்குள்ள குகைகளில் ஓலைச்சுவடிகளில் எழுதினார்கள் என்பது வரலாறு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இவ்விகாரையின் நூலகம் அழிந்தது. ஆனால் நூல் அழியவில்லை. ஏன்? பிரதிகள் வேறு இடங்களில் இருந்தன. நாள்தோறும் பஸ்ஸில் நாம் கடந்து போகும் அந்தக் கற்பாறைகள் இரண்டு விடயங்களைச் சொல்கின்றன: ஞாபகத்தை மட்டும் நம்பாதே, ஓரிடத்தை மட்டும் நம்பாதே.

இன்றைய ஓலைச்சுவடிக்கும் இது பொருந்தும். நம் வாப்பாமாரும் நானாமாரும் மத்திய கிழக்கிலிருந்து முகம் காட்டிப் பேசிய ஸ்கைப் 2003இல் பிறந்தது. 2025 மே மாதம் மூடப்பட்டது. படங்களைச் சேர்த்து வைத்த பிக்காசா 2016இல் நின்றது. கூகுள் பிளஸ் 2019இல் நின்றது. பெரிய நிறுவனம் என்பதால் என்றும் இருக்கும் என்ற உத்தரவாதம் எதுவுமில்லை. ஒரு செயலியில் ஆயிரம் வரிகள் எழுதுவதற்கு முன், பத்து வரிகளை எழுதிவிட்டு அவற்றைக் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் அந்தச் செயலி உங்களுடையதல்ல, நீங்கள்தான் அதனுடையவர்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த வேதனை புதிதல்ல. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய எத்தனையோ மலர்களும் நினைவுக் கட்டுரைகளும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் காட்சி தருகின்றன. யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருக்கிறது. அதில் எழுதியது எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். செல்லினம், ஜிபோர்ட் போன்ற விசைப்பலகைகள் இலவசம். விலைப்பட்டியலாக இருந்தாலும் கவிதையாக இருந்தாலும் யுனிகோடில் எழுதப் பழகுவோம்.

மூன்றாவது கேள்வி, "நெருக்கடியிலும் இது எனக்கு உதவுமா?" என்பது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. மாதம் பத்து டொலர் சந்தா கட்டியவருக்கு, எதுவுமே மாறாமல் 2,000 ரூபா 3,600 ரூபாவானது. மேலும் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் நம் நாட்டில் தற்காலிகமாக முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் மட்டுமே கடையாக வைத்திருந்தவர்களுக்கு அந்நாட்களில் கடைக் கதவே இல்லாமற் போனது. எனவே இணையமின்றியும் இயங்குவதைத் தெரிவோம். டொலர் சந்தாவை இயன்றவரை தவிர்ப்போம். வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் ஒரு கொப்பியிலும் இருக்கட்டும்.

நான்காவதாக, "இதற்கு நான் கொடுக்கும் விலை என்ன?" என்று கேட்போம். இலவசம் என்பதால் விலை இல்லை என்று பொருளல்ல. ஒரு கணிப்பான் செயலி உங்கள் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கூட்டிக் கழிக்க உங்கள் குடும்பப் படம் எதற்கு? வாடிக்கையாளர் நம்மிடம் தரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே நமக்கு மனச்சாட்சி இருக்கிறது.

இதே மனச்சாட்சியை முன்வைத்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருட்டுப் பிரதியை நூறு ரூபா சீடியில் வாங்கிய காலம் போய், இன்று இணையத்தில் இறக்கிக்கொள்கிறோம். கடையில் ஒரு பெக்கட் மிளகாய்த்தூளைக் களவெடுக்கத் துணியாத நாம், பிறர் உழைத்துச் செய்த மென்பொருளை எடுக்கக் கூசுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. அத்துடன், பூட்டு உடைத்த மென்பொருளுக்குள் யார் எதை வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நச்சுநிரலும் அதே வழியால் வரலாம்.

"காசு கொடுக்க வழியில்லையே" என்பீர்கள். கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றனவே! அவை தரத்தில் குறைந்தவை என்று எண்ணுவோருக்கு 'சஹனா'வை நினைவூட்டுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற் போனவர்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கையின் தொண்டர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போது அங்கும் பயன்பட்டது; பின்னர் வேறு நாடுகளுக்கும் சென்றது. எவரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டதனால்தான் அது அவ்வளவு தூரம் போனது.

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று இன்னும் சில பெற்றோர் கேட்கக்கூடும். மாத்தளையில் எத்தனை வீடுகளில் தையலும் பத்திக்கும் கேக்கும் கறித்தூளும் அடுப்பை எரியவைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்களின் உழைப்பு கைகளில் இருக்கிறது. கணக்கு மட்டும் காற்றில் இருக்கிறது. கைத்தொலைபேசியைக் கண்டு பயப்படுவதைவிட, மகளுடன் ஒரு மாலை அமர்ந்து வீட்டுச் செலவை விரிதாளில் எழுதிப் பாருங்கள். மகள் கருவியைக் கற்றுத் தருவாள். நீங்கள் காசின் அருமையைக் கற்றுக் கொடுங்கள்.

சாச்சி இப்போது ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு கால்மணி நேரம் ஒதுக்குகிறார். ஓர்டர் வட்ஸ்அப்பில், கணக்கு விரிதாளில், கடன் மட்டும் கூடுதலாகச் சீ.ஆர். கொப்பியில். வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு பிரதியை எங்கள் வீட்டுக் கணினியில் இறக்கி வைக்கிறேன். இந்தச் செலவு மாதம் சில நூறு ரூபா டேட்டா மட்டுமே. சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர் "நான் தர வேண்டியது எவ்வளவு?" என்று கேட்டபோது, சாச்சி கொப்பியைத் திறந்து, நாளையும் தொகையையும் சொன்னார். அவரும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். இருவர் முகத்திலும் சங்கடமில்லை.

தோழியரே, நல்ல கருவிக்கு அடையாளம் அதுதான். அது நம்மைப் பெரியவராகக் காட்டாது. நம் கொடுக்கல் வாங்கலை நேராக்கும்.