முகம் மாற்றியாச்சு... நம் பார்வையை எப்போது மாற்றுவது?

2005 மே மாதம். வடக்கு பிரான்ஸைச் சேர்ந்த இசபெல் டினுவார், தூக்க மாத்திரை சாப்பிட்டுவிட்டு நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்ததும் ஒரு சிகரெட் எடுத்து வாயில் வைத்தார். அது நிற்கவில்லை. ஏன் என்று கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது, மூக்கு, உதடு, முகவாய் எதுவுமே இல்லை. அவர் வளர்த்த நாயே கடித்துக் குதறியிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, அமியான் நகர மருத்துவமனையில் சுமார் 15 மணி நேரம் நடந்த ஆபரேஷனில், மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் மூக்கும் உதடுகளும் முகவாயும் அவருக்குப் பொருத்தப்பட்டன. உலகின் முதல் பகுதி முக மாற்று அறுவை சிகிச்சை அது. டாக்டர்கள் பெர்னார் டெவோஷெல், ஜான்-மிஷெல் டுபெர்னார் தலைமையிலான குழு அதைச் செய்தது.

உலகம் உடனே இரண்டாகப் பிரிந்தது. ‘அற்புதம்’ என்றது ஒரு பக்கம். ‘செத்தவங்க முகத்தை மாட்டிக்கிட்டு எப்படி நடமாடுவாங்க?’ என்று முகம் சுளித்தது இன்னொரு பக்கம். இன்று வரை ஒவ்வொரு முக மாற்று சிகிச்சைச் செய்தியிலும் ஏறக்குறைய இதே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. இரண்டுமே முகம் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றிய குரல்கள். நோயாளி ஏற்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

சினிமா மாதிரி ஆள் மாறிடுவாங்களா?

மாற மாட்டார்கள். 1997-ல் வந்த ‘ஃபேஸ் ஆஃப்’ படம் மனதில் பதிந்துபோனதால் வரும் சந்தேகம் இது. பொருத்தப்படும் தோலும் தசையும் பெறுபவரின் எலும்புகள் மேல்தான் படிகின்றன. அதனால் வருவது தானம் தந்தவரின் முகமும் அல்ல, பெறுபவரின் பழைய முகமும் அல்ல. இரண்டும் கலந்த மூன்றாவது முகம் அது.

‘அழகுக்காக இவ்ளோ ரிஸ்க் தேவையா?’ என்பது அடுத்த கேள்வி. உதடு இல்லாத ஒருவரால் தண்ணீரை வாயில் நிறுத்த முடியாது. சாப்பாடு வெளியே வழியும். பேச்சு புரியாது. இமை இல்லாவிட்டால் கண் வறண்டு பார்வையே போகலாம். தொடை, முதுகுப் பகுதிகளிலிருந்து தோலும் தசையும் எடுத்து ஒட்டும் வழக்கமான சிகிச்சையால் குழியை மூட முடியும்; அசையும் உதட்டையும் மூடும் இமையையும் உருவாக்குவது மிகக் கடினம். டினுவாருக்குப் பொருத்திய தோலில் சில மாதங்களிலேயே தொடு உணர்வு திரும்பியது. ஒன்றரை ஆண்டில் அவரால் புன்னகைக்க முடிந்தது. பலன் நிஜமானது.

அப்போ ஆபத்து எங்கே?

மருந்து டப்பாவில். வேறொருவரின் உறுப்பை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகத்தான் பார்க்கும். அதிலும் தோல், உடல் மிகக் கடுமையாக எதிர்க்கும் திசுக்களில் ஒன்று. அந்த எதிர்ப்பை அடக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைத் தினமும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். விலை என்ன? சாதாரணத் தொற்றே பெரிதாகலாம், கிட்னி பாதிக்கலாம், சர்க்கரை நோய் வரலாம், சில வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடும்.

டினுவாருக்கு ஆபரேஷன் முடிந்த 18-வது நாளிலேயே உடல் புது முகத்தை நிராகரிக்கத் தொடங்கியது. 214-வது நாளில் மறுபடியும். இரண்டு முறையும் மருந்தால் சமாளித்தார்கள். கிட்னியின் செயல்பாடு குறைந்ததால் ஒரு மருந்தையே மாற்ற வேண்டியிருந்தது. 2015-ல் மீண்டும் நிராகரிப்பு. உதட்டின் அசைவில் ஒரு பகுதி போனது. புற்றுநோயும் வந்தது. 2016 ஏப்ரலில், 49 வயதில் அவர் இறந்தார். அந்தச் செய்தி வெளியே வரவே செப்டம்பர் ஆனது.

2005-ல் அவர் முகத்தைப் படம் பிடிக்க முண்டியடித்த உலகம், அதற்குள் வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

டயாலிசிஸ் இல்லாத உறுப்பு

மாற்று கிட்னி பழுதானால் டயாலிசிஸுக்குத் திரும்பலாம். மாற்று முகம் பழுதானால் திரும்ப எதுவும் இல்லை. பழைய முகம்தான் ஏற்கெனவே போய்விட்டதே. பிரான்ஸின் ஜெரோம் ஹாமோன் இதை அனுபவித்தவர். மரபணுக் கோளாறால் முகம் சிதைந்திருந்த அவருக்கு 2010-ல் முழு முக மாற்று சிகிச்சை நடந்தது. சில ஆண்டுகள் கழித்து, சளிக்குச் சாப்பிட்ட ஒரு ஆன்டிபயாட்டிக், எதிர்ப்பை அடக்கும் மருந்துகளுடன் ஒத்துப்போகவில்லை. நிராகரிப்பு தொடங்கியது. 2017 நவம்பரில் அந்த முகத்தை அகற்ற வேண்டியதாயிற்று. அடுத்த டோனர் கிடைக்கும் வரை ஒன்றரை மாதம் முகமே இல்லாமல் மருத்துவமனையில் கிடந்தார். 2018 ஜனவரியில் இரண்டாவது மாற்று முகம் பொருத்தப்பட்டது.

இரண்டு ஆபரேஷன்களையும் செய்தவர் லொரான் லான்டியெரி. 2005-ல் ‘வழக்கமான சிகிச்சையை முயலாமலே அவசரப்பட்டுவிட்டார்கள்’ என்று டினுவாரின் டாக்டர்களை விமர்சித்தவர்களில் அவரும் ஒருவர்! எதிர்த்த டாக்டரே பின்னாளில் செய்யும் அளவுக்குத் தேவையும் நிஜம். ஹாமோன் பட்ட பாட்டைப் பார்த்தால் அன்றைய தயக்கத்திலும் அர்த்தம் இருந்தது.

2024-ல் வெளியான ஓர் ஆய்வு 11 நாடுகளில் நடந்த 50 முக மாற்று சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் மாற்று முகம் நிலைத்திருக்கும் வாய்ப்பு 85 சதவீதம். பத்து ஆண்டுக்கு 74 சதவீதம். இவ்வளவு புதிய சிகிச்சைக்கு இது நல்ல கணக்குதான். ஆனால் நான்கில் ஒருவருக்குப் பத்து ஆண்டுகள் நிற்காது என்பதும் இதே கணக்குதான். முப்பது வயதில் சம்மதக் கையெழுத்துப் போடுகிறவருக்கு நாற்பது வயது ரொம்ப தூரம் இல்லை.

வெறித்துப் பார்ப்பதும் ஒரு ரிஸ்க்

இதய, கல்லீரல் மாற்று சிகிச்சைகள் உயிரைக் காப்பாற்ற. முகம் இல்லாமலும் உயிர் வாழலாம். அப்படியானால், ஆயுளைக் குறைக்கக்கூடிய மருந்துகளை ஒருவர் ஏன் ஏற்கிறார்? சாப்பிட, பேச, மூச்சுவிட என்பது பாதி பதில். பஸ்ஸில், கடையில், குழந்தையின் ஸ்கூல் வாசலில் நம்மால் தாங்க முடியாதபடி வெறித்துப் பார்க்கிறார்கள் என்பது மீதி பதில்.

பிரிட்டனின் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் இதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். 18 வயதில் கார் தீப்பற்றியதில் முகம் கருகியவர் அவர். ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பைத் தொடங்கி, முகம் வேறுபட்டவர்களையும் சமமாக நடத்துங்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினார். 2003-ல் இங்கிலாந்தின் அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரியும், இன்னும் ஆராய்ச்சி தேவை, அவசரம் வேண்டாம் என்று அறிக்கை தந்தது.

யோசித்துப் பார்த்தால், பொதுமக்களின் எதிர்வினை இந்தச் சிகிச்சைக்கு வெளியே நிற்கிற விஷயம் இல்லை. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பலர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. ஆபரேஷன் மேசைக்குப் போகும் முடிவிலும் அந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு. டினுவாரை ஆபரேஷனுக்குப் பிறகும் யாரும் விடவில்லை. தானம் தந்தவர் யார், எப்படி இறந்தார் என்று துருவினார்கள். மறுபடி சிகரெட் பிடிக்கிறாராமே என்பதுகூடச் செய்தியானது.

முகம் இழந்தவருக்கு இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மூன்று விஷயங்கள் கூடவே வர வேண்டும். பத்தாவது ஆண்டு எப்படி இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லி வாங்கும் சம்மதம். காலம் முழுக்க மருந்துக்கும் மனநல ஆதரவுக்கும் உறுதியான ஏற்பாடு. தோல்விகளையும் மறைக்காமல் வெளியிடும் பழக்கம்.

நாலாவது விஷயம் மருத்துவமனையில் கிடைக்காது. ‘முன்பு – பின்பு’ படம் அடுத்த முறை போனில் வரும்போது, ‘முன்பு’ படத்தில் இருப்பவரும் ஒரு முழு மனிதர்தான் என்று ஒரு நொடி நினைத்தால் போதும். எதிரே அப்படி ஒருவர் வந்து நின்றால், முகத்தைத் திருப்பாமல், வெறிக்காமல், ‘என்ன வேணும், சொல்லுங்க’ என்று சாதாரணமாகப் பேசுவதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.