முள்ளும் மிதிவண்டியும்

அம்பத்தூர் மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற ஊர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை நமக்களித்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தோன்றியது இங்கேதான். எனினும், இரவுப் பணி முடித்து ஆவடிக்கு மிதித்துச் செல்லும் தொழிலாளியை நிறுத்திவிட ஒரு கருவேல முள் போதும். அந்நேரத்தில் பஞ்சர் கடை ஏது? வண்டியைத் தள்ளியே வீடு சேர்ந்த தந்தையர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்!

இதற்கென்று ஒரு திரவம் கடைகளில் கிடைக்கிறது. ரப்பர் பாலில் நுண்ணிய நார் கலந்த கூழ் என்று கொள்ளலாம். துளை வழியே காற்று வெளியேறுகையில் கூழும் உடன் செல்கிறது; நார் துளையில் சிக்கி அடைத்துக்கொள்கிறது. முள்ளைப் பிடுங்கியபின் துளையைத் தரைப்பக்கம் வைத்தால் கூழ் அங்கே தேங்கும்.

நம் பழைய வகை வால்வு இதற்கு வெகு வசதி. திருகைக் கழற்றி, வால்டியூபோடு உள்தண்டை உருவினால் வழி திறந்துவிடும். சக்கரத்துக்கு ஏறத்தாழ 100 மில்லி ஊற்றிக் காற்றடித்து, உடனே நன்றாகச் சுற்றிவிட வேண்டும். பின்னர்க் காற்றடிக்கும் போதெல்லாம் வால்வு மேற்புறம் இருக்கட்டும். இல்லையேல் கூழ் வால்டியூபில் ஒட்டிப் புதிய தொல்லை தரும்.

ஆனால், முள்ளும் சிற்றாணியும் இட்ட துளைக்கே இது உதவும். கண்ணாடி கிழித்த டியூபுக்கும், வால்வடியில் விட்ட வெடிப்புக்கும் பயனில்லை. நம் வெயிலில் கூழ் உலர்ந்தும் போகும். ஆகவே பஞ்சர் கடைக்காரரை மறந்துவிட வேண்டாம். அவரிடம் செல்லும்போது உள்ளே திரவம் இருப்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். ஈரம் துடைத்து உலர்த்தாமல் ஒட்டு பிடிக்காது. அவர் முணுமுணுத்தால் கோபம் வேண்டாம், வேலை இரட்டிப்பாகிறதே!