அஞ்சு வருச அனுபவம் எந்தக் கடையில் விற்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. லொறி வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்களிடம் படித்த ஒரு பிள்ளை வந்து பிடித்துக்கொண்டான். "சேர், ஒரு கடிதம் ஒண்டு வேணும்." வழமையாகப் பிள்ளைகள் நற்சான்றிதழுக்குத்தான் வருவார்கள். இவன் கேட்டது, ஐந்து வருடம் லொறி ஓட்டியதாக ஓர் அனுபவக் கடிதம். வாத்திமார் நாங்கள் அதை எப்படி எழுதுவது என்று கேட்டோம். "இங்கிலீசில சீல் அடிச்சு இருந்தாச் சரி சேர், ஆரும் வாசிக்க மாட்டாங்க" என்றான்.

அந்த இடத்தில் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது சிரிப்பு வரவில்லை.

இவனுக்கு வயது 23. ஓ எல்லோடு நின்றவன். பத்தொன்பது வயதில் பீ வகுப்பு லைசன்ஸ் எடுத்தான். அதை வைத்து 3,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனம்தான் ஓட்டலாம்; டிமோ பட்டாவோடு சரி. சீ1 எடுக்க 21 வயது ஆக வேண்டும், இலகுரக லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமும் கழிந்திருக்க வேண்டும். பொறுத்திருந்து மெடிக்கல், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை எல்லாம் முறையாகச் செய்து, தரகருக்கு ஒரு சதம் கொடுக்காமல் எடுத்தான். இது நம்மூரில் சின்ன விசயமில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதமாக அலைகிறான். இரண்டு அரிசி ஆலை, ஒரு ஹார்ட்வெயார், ஒரு பிஸ்கட் ஏஜென்சி. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "எத்தனை வருசம் ஓடியிருக்காய்?" பதில் சொன்னதும், "சரி, நம்பரத் தந்துட்டுப் போ." அந்த நம்பருக்கு இன்றுவரை ஒரு கோல் இல்லை.

இதே ஊரில் ஆலை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் போன மாதம் எங்களிடம் சொன்னது என்ன தெரியுமா? "சேர், லொறி நிக்கிது, ஓட ஆள் இல்ல." 2022 நெருக்கடிக்குப் பிறகு கைபழகிய சாரதிகள் பலர் கட்டார், சவூதி, டுபாய் என்று போய்விட்டார்கள். இருப்பவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் கழற்றி எடுக்கிறார்கள். ஆளில்லை என்கிறார் முதலாளி, வேலை இல்லை என்கிறான் பிள்ளை. இருவரும் தொழுவது ஒரே பள்ளியில்.

முதலாளியின் பயத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கென்டரும் எல்ஃபும் காணி விலைக்குப் போயின. லீசிங்கில் எடுத்த வண்டியை இருபத்து மூன்று வயதுப் பொடியனிடம் கொடுக்க யாருக்கும் கை நடுங்கும். அதிலும் நம் பக்கத்து அரிசி கொழும்புக்குப் போகும் பாதை லேசானதல்ல. மகியங்கனை தாண்டினால் பதினெட்டு வளைவு. லோடோடு ஏறுவது ஒரு வித்தை என்றால், கண்டியைக் கடந்து கடுகண்ணாவையில் அதே லோடோடு இறங்குவது வேறு வித்தை. கியரைக் குறைத்து என்ஜினில் பிடித்து இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடாகிக் கடைசி வளைவில் கைவிட்டுவிடும். இதை லைசன்ஸ் அட்டை சொல்லித் தராது. ஆகவே முதல் நாளே புறக்கோட்டைக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது வேறு. எல்லா லொறியும் கொழும்புக்கா போகிறது? சம்மாந்துறை ஆலையிலிருந்து கல்முனைக் கடைக்கு அரிசி போகிறது. ஹார்ட்வெயாரிலிருந்து வீடு கட்டும் இடத்துக்கு சீமெந்தும் கம்பியும் போகிறது. அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஏஜென்சி வண்டி கடை கடையாய் நிற்கிறது. மலையில்லாத, அஸருக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஓட்டம். இதற்கும் ஐந்து வருடம் எதற்கு? இந்த ஓட்டத்தில்தானே அந்த ஐந்து வருடத்தின் முதல் வருடம் கிடைக்க வேண்டும்?

இன்னொன்று. இந்தப் பிள்ளைக்கு அனுபவமே இல்லை என்பதும் பொய். வாப்பாவின் ட்ரக்டரில் பெரும்போகம், சிறுபோகம் என்று எத்தனை அறுவடைக்கு நெல் ஏற்றியிருக்கிறான். பெட்டி பூட்டிய ட்ரக்டரை வாய்க்கால் கட்டில் ரிவர்ஸ் எடுப்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் பெட்டி வாய்க்காலுக்குள். எங்களில் ஒரு ஆசிரியர் கார் வாங்கி மூன்று வருடமாகியும் கேற்றுக்குள் ரிவர்ஸ் எடுக்கத் தம்பியைக் கூப்பிடுகிறார் (அவர் இதை வாசிப்பார், மன்னிக்கவும்). மூடை அடுக்கத் தெரியும், படங்கு கட்டத் தெரியும், ஆலையில் வரிசையில் நின்று நெல் தட்டத் தெரியும். இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னாயா என்று கேட்டோம். "அது அனுபவமா சேர்?" என்றான்.

தம்பிமாரே, அதுதான் அனுபவம். போகிற இடத்தில் அதைச் சொல்லுங்கள். பொய்க் கடிதம் கொண்டு போகாதீர்கள். ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடக்காரனின் பாதைக்குத்தான் அனுப்புவார்கள். அந்தப் பாதையில் கடிதம் பிரேக் பிடிக்காது. லைசன்ஸ் வகுப்புப் பொருந்தாத வண்டியில் "கிட்டத்தானே, ஓட்டிட்டு வா" என்றாலும் ஏறாதீர்கள். ஏதும் நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும், கூண்டில் நிற்பது நீங்கள். மூன்று மாதம் கிளீனர் சீற்றில் இருக்கச் சொன்னால் இருங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் எத்தனை மாதம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கிளீனராகச் சேர்ந்து, சீ1 கையில் இருக்க, நாலு வருடமாக இன்னும் டயருக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரையும் எங்களுக்குத் தெரியும்.

முதலாளிமாரே, நம்பரை வாங்கி வைக்காமல் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் பழைய சாரதி இருக்கட்டும். வெறும் வண்டியில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை லோட்டில் கல்முனைச் சந்தைக்குள் ஒருமுறை. ஏற முதல் டயரையும் ஒயிலையும் பார்க்கிறானா, கண்ணாடியைத் திருத்துகிறானா, ஹோனில் கை வைக்கிறானா பிரேக்கில் கால் வைக்கிறானா என்று அவர் பார்த்துச் சொல்வார். கடிதம் சொல்லாததை அந்த ஒரு மணித்தியாலம் சொல்லும். ஆள் நிலைக்க வேண்டுமென்றால் நடைக் காசோடு நிறுத்திவிடாதீர்கள். ஈபிஎஃபுக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஈடிஎஃபுக்கு 3 வீதம்; அது தயவு இல்லை, சட்டம். அது இல்லாததால்தான் ஏஜென்சிக்குக் கடன்பட்டுக் காசு கட்டி வெளிநாடு போகிறார்கள்.

கடைசியாக எங்கள் கணக்கு. "படிக்காட்டி லொறிதான் ஓடணும்" என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! இந்தப் பிள்ளையிடமே சொல்லியிருக்கிறோம், ஒன்பதாம் ஆண்டில், கணிதப் பாடத்தில். அவன் அதை மறக்கவில்லை. அன்று பள்ளி வாசலில் ஞாபகப்படுத்திவிட்டு, "இப்ப அதுக்கும் ஆள் எடுக்கிறாங்க இல்ல சேர்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடிதம் எழுதிக் கொடுத்தோம், தமிழில். ஐந்து வருடம் என்று இல்லை. பதினொரு வருடம் எங்களிடம் படித்தான், பொய் சொல்லி நாங்கள் பிடித்ததில்லை, தாமதமாக வந்ததில்லை, சிறு வயதிலிருந்து வயலில் ட்ரக்டர் ஓட்டுகிறான், சீ1 லைசன்ஸ் ஆறு மாதமாகக் கையில் இருக்கிறது என்று எழுதி, எங்கள் போன் நம்பரையும் போட்டிருக்கிறோம்.

சம்மாந்துறையிலிருந்து பொத்துவில் வரை எங்கே என்றாலும் பரவாயில்லை என்கிறான். ஒரு மணித்தியாலம் ஓட விட்டுப் பார்க்கத் தயாரானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். இவனைப் போல இன்னும் மூன்று பேரின் பெயர் எங்களிடம் இருக்கிறது.