வால் ஒன்றுபோல் இருந்தால் சொந்தமாகிவிடுமா?



கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் குறைப்பட்டுக்கொண்டாள். “மனப்பாடம் பண்ணின பேரையெல்லாம் தூக்கிட்டாங்க சார். பிள்ளைங்களுக்கு எதைச் சொல்றது?” அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: தூக்கியது சரிதான்.

அறிவியல் படிக்காத உறவுகளுக்காக ஒரு வரி. நமக்கு வைரஸ் காய்ச்சல் வருவதுபோல பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். அந்த வைரஸ்களுக்கு 1917இல் டெரெல் என்ற விஞ்ஞானி வைத்த பெயர் பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியா தின்னி. சுருக்கமாக ஃபேஜ்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றில் பலவற்றுக்குத் தலையும் வாலும் தெரியும். அந்த வாலை வைத்தே மூன்று குடும்பங்கள் பிரித்தார்கள். சுருங்கும் நீண்ட வால் என்றால் மயோவிரிடே. சுருங்காத நீண்ட வால் சைஃபோவிரிடே. குட்டை வால் போடோவிரிடே. படம் வரைந்து பாகம் குறிக்க வசதியான பாடம்!

மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியதும் சிக்கல் தெரிந்தது. ஈ.கோலையைத் தாக்கும் லாம்டாவுக்கு நீண்ட வால், சால்மோனெல்லாவைத் தாக்கும் பி22க்குக் குட்டை வால். அதனால் வேறு வேறு குடும்பம். ஆனால் இரண்டின் மரபணு அடுக்கும் ஒத்துப்போகிறது. இரண்டையும் கலந்து கலப்பின ஃபேஜ்களைக்கூட ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். பி22உடன் ஒரே குடும்பத்தில் வைத்திருந்த டி7க்கோ அதனுடன் நெருங்கிய உறவே இல்லை. கல்யாண வீட்டில் ஒரே நிறத்தில் புடவை கட்டியவர்களெல்லாம் பங்காளி வீட்டாரா?

பாக்டீரியாக்களுக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான மரபணுக்கள் உண்டு. அவற்றை ஒப்பிட்டு வம்சாவளி போடலாம். எல்லா வைரஸ்களுக்கும் பொதுவாக ஒரு மரபணுகூடக் கிடையாது. ஆகவே ஃபேஜ்களின் முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிடுகிறார்கள். 95 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே சிற்றினம். சுமார் 70 சதவீதம் என்றால் ஒரே பேரினம். இதை வைத்துத்தான் வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு 2022இல் அந்த மூன்று குடும்பங்களையும் நீக்கியது.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் ஃபேஜ்களையே மருந்தாக்க முயல்கிறார்கள். அதற்கு பாக்டீரியாவைக் கொன்றே தீரும் ஃபேஜ் வேண்டும். சில ஃபேஜ்கள் கொல்லாமல் உள்ளேயே தங்கிவிடும். தொண்டை அடைப்பான் கிருமிக்கு நச்சு மரபணுவைக் கொடுப்பதே அப்படிப்பட்ட ஒரு ஃபேஜ்தான். வாலைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. புதிய பெயர் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மையான உறவைச் சொல்லும் பெயர், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றாவது காட்டும்.

புதிய பெயர்கள் வாயில் நுழையவில்லை என்ற புகார் நியாயமானதே. நம் பழைய டி4 இப்போது ‘டெக்வாட்ரோவைரஸ் டி4’ என்ற சிற்றினத்தில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் டி, நான்கு என்பதைத்தான் லத்தீன் சாயலில் நீட்டியிருக்கிறார்கள். பழைய மூன்று பெயர்களையும் வாலின் வடிவத்தைச் சொல்ல இன்னும் பயன்படுத்தலாம். உறவைச் சொல்லத்தான் கூடாது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “மூன்று குடும்பங்களை எழுதுக” என்று கேட்காதீர்கள். “அவற்றை ஏன் நீக்கினார்கள்?” என்று கேளுங்கள். பட்டியல் மாறும், காரணம் புரிந்த பிள்ளை அடுத்த மாற்றத்துக்குப் பயப்படாது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.