உங்கள் மாடியில் எத்தனை கார்த்திகை?

தம்பி, தங்கைகளே! இன்று உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு. பேனா வேண்டாம், பென்சில் வேண்டாம். இரண்டு கண்கள் இருந்தால் போதும்!

கார்த்திகை மாதத்தில் நன்றாக இருட்டிய பிறகு கிழக்கு வானத்தைப் பாருங்கள். தை மாதம் என்றால், இரவு எட்டு மணி வாக்கில் தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் கொத்தாக நெருங்கி நிற்கும். கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினால் அத்தனையும் மறைந்துவிடும். அவ்வளவு சின்னக் கொத்து! அதுதான் கார்த்திகை.

அதில் எத்தனை நட்சத்திரங்கள் தெரிகின்றன? இதுதான் கேள்வி.

சாதாரணமாக ஆறு தெரியும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்று பாட்டி கதை சொல்லியிருப்பாரே! கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள். ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் சுபாரு. அந்தப் பெயரில் வரும் காரின் சின்னத்தில்கூட ஆறு நட்சத்திரங்கள் உண்டு. நல்ல கண்ணும் நல்ல இருட்டும் இருந்தால் எட்டு, ஒன்பது வரை எண்ணலாம்.

வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற நட்சத்திரங்கள் எல்லாம் உறவுக்காரர்கள் அல்ல. பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்று மிக அருகில், இன்னொன்று வெகு தொலைவில் இருக்கும். நம் கண்ணுக்குத்தான் சேர்ந்து தெரியும்.

கார்த்திகை அப்படி இல்லை. அவை உண்மையான உடன்பிறப்புகள்! ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்து, சேர்ந்தே பயணம் செய்கின்றன. இப்படிப்பட்ட குடும்பத்தைத்தான் விண்மீன் கொத்து என்கிறோம். கலிலியோ 1610ல் தம் தொலைநோக்கியால் பார்த்து, இந்தக் கொத்தில் 36 நட்சத்திரங்களை வரைந்து வெளியிட்டார். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன என்று இன்று தெரியும்.

கார்த்திகை சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அப்படியென்றால், இன்றிரவு உங்கள் கண்ணில் படும் ஒளி, கலிலியோ இளைஞராக இருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது! அந்த நட்சத்திரங்களின் வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். பூமியில் டைனோசர்கள் நடமாடிய காலத்தில் பிறந்தவை. ஆனாலும் 460 கோடி வயதான நம் சூரியனுக்கு முன்னால் அவை குழந்தைகள்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, பெரியவர்களான பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிவது போல, அவையும் பிரிந்து போய்விடும்.

பிரியாத கூட்டுக் குடும்பங்களும் உண்டு. பந்து போல உருண்டையாகத் திரண்ட கொத்துகள் அவை. மே மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு வானில், மங்கிய ஒற்றை நட்சத்திரம் போலத் தெரியும் ஒமேகா சென்டாரி அந்த வகை. அந்த ஒரு புள்ளிக்குள் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள்!

சரி, இப்போது தேர்வுக்கு வருவோம். உங்கள் மொட்டை மாடியிலிருந்து எத்தனை எண்ணினீர்கள்? இரண்டா? மூன்றா? ஒன்றுமே தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். தோற்றது நீங்கள் அல்ல, நம் ஊர் விளக்குகள்!

தெருவிளக்கு எதற்கு? தெருவைக் காட்ட. ஆனால் பல விளக்குகள் பக்கவாட்டிலும் மேலேயும் ஒளியை வாரி இறைக்கின்றன. விளம்பரப் பலகைகள் விடிய விடிய எரிகின்றன. இந்த ஒளி தூசியிலும் காற்றிலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுத்துவிடுகிறது. மங்கலான நட்சத்திரங்கள் அதில் மூழ்கிவிடுகின்றன.

2011 முதல் 2022 வரை, பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், பொதுமக்களே தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குக் கொடுத்தார்கள். அதன்படி, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரிந்த ஊரில், அதே குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது சுமார் 100தான் தெரியுமாம்!

"இருட்டில் நடந்தால் பயமாக இருக்குமே, விளக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விளக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் அதன் தலையில் ஒரு மூடி போட்டு, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பினால் என்ன? தெரு இன்னும் நன்றாகத் தெரியும், கண் கூசாது, மின்சாரமும் வீணாகாது, வானமும் தப்பிக்கும். எல்லோருக்கும் லாபம்தானே!

இது நடக்காத காரியம் அல்ல. லடாக்கில் உள்ள ஹான்லே பகுதி 2022ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்து மக்கள் விளக்குகளை அடக்கி வைத்து, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானத்தையும் காட்டுகிறார்கள். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததும், நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான்.

காட்டையும் ஆற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று படிக்கிறோம். இருட்டையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நட்சத்திரத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, "அது என்ன?" என்று கேட்கத் தோன்றுவது எப்படி?

எனவே, நிலா இல்லாத ஓர் இரவில் அப்பா, அம்மாவோடு மாடிக்குப் போங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிடுங்கள். இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, கார்த்திகையை எண்ணுங்கள். தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் குறியுங்கள். பாட்டி ஊருக்குப் போனால் அங்கேயும் எண்ணுங்கள். தேவையில்லாமல் எரியும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

எண்ணிக்கை ஒன்று கூடினாலும், அது நீங்கள் மீட்டுக்கொண்டு வந்த நட்சத்திரம்!