பல்லுக்கு என்ன இப்போ அவசரம்?

"உயிரே ஊசலாடுது, இதுல பல்லுக்கு என்ன இப்போ அவசரம்?" அரிய வளர்சிதை மாற்ற நோயோடு பிறந்த பிள்ளையின் பெற்றோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அக்கறை மாதிரி தெரிந்தாலும் இது அறியாமைதான்.

மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ் என்ற நோய்க் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நொதி குறைவதால், சிதைந்து வெளியேற வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகள் திசுக்களில் தேங்குகின்றன. நாக்கு தடிக்கிறது, ஈறு வீங்குகிறது, தாடை இறுகுகிறது. காதுக்குள் நீர் கோத்துக் கேள்வித்திறனும் குறைகிறது. காதும் கேட்காமல் நாக்கும் புரளாத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? இதய வால்வுகளும் தடிப்பதுண்டு. சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து அங்கே போய் உட்காரலாம். பல்லைப் பிடுங்கிவிடலாமே என்றால், குறுகிய மூச்சுப் பாதை கொண்ட இந்தப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. ஆகவே சொத்தை வராமல் பார்த்துக்கொள்வதும் உயிர் காக்கும் வைத்தியம்தான்.

காலக்டோசீமியாவில் பாலை நிறுத்தினால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் பத்தியம் தவறாமல் இருந்தும் பல பிள்ளைகளுக்குப் பேச்சு தடுமாறுகிறது. "போகப் போகப் பேசிடுவான்" என்று காத்திருப்பது வீணாகும் காலம்.

2021இல் தேசிய அரிய நோய்க் கொள்கை வந்தது. மறு வருஷம் நிதியுதவி வரம்பு 50 லட்சமாக உயர்ந்தது. விவாதம் முழுக்க மருந்து விலையைச் சுற்றியே நடக்கிறது. அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் "பணமில்லை" என்ற சாக்கு பல்லுக்கும் பேச்சுக்கும் செல்லாது. அவற்றுக்குத் தேவை பிரஷ், ஃபுளோரைடு பற்பசை, பயிற்சி பெற்ற ஒரு ஆள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நெறிமுறைப்படி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நீலகிரியில் அந்தக் காகிதம் மலைப்பாதையில் முட்டி நிற்கிறது. ஊட்டியில் இப்போது மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், அதுவும் மலையேற்றம். பேச்சுப் பயிற்சி ஒரு மாத்திரையோடு முடிகிற காரியமா? வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும். அவளிடம் "ஏம்மா தொடர்ந்து வரல?" என்று கேட்பது எளிது. வீட்டில் பேசுவது படகு மொழியா, பணியர் மொழியா, மலையாளமா என்று யாராவது கேட்டார்களா? பிள்ளைக்கு முதலில் தேவைப்படும் சொற்கள் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

மலையில் இது முடியாத காரியமில்லை. கூடலூரில் அஸ்வினி அமைப்பு ஆதிவாசி ஊர்களிலேயே ஆட்களைப் பயிற்றுவித்து, அரிவாள் செல் ரத்தசோகையை வீடுவரை தொடர்ந்து கவனித்துக் காட்டியது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பேச்சுப் பயிற்சியாளர் மட்டும் ஏன் அதே வண்டியில் ஏறக்கூடாது? தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின் ஆயாவுக்கு ஈறு வீக்கத்தையும் பேச்சுத் தாமதத்தையும் அடையாளம் காணச் சொல்லித்தர முடியாதா?

அரிய நோய்க்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் ஓட்டும் குறைவு, சத்தமும் குறைவு. மருந்து வரும்வரை இந்தப் பிள்ளை வலியில்லாமல் சாப்பிட வேண்டும். பசிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லவாவது அதற்கு வாய் வேண்டும். அவசரம் இதுதான்.